மீண்டும் அதே வண்டியில்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் மகிழ்ச்சி. "ஒரே விளையாட்டுக்கு எத்தனை தடவைதான் காசு கொடுப்பாய்?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். 2011இல் ஸ்கைரிம் என்ற அந்த வீடியோ விளையாட்டு வந்தபோது வாங்கினேன். 2016இல் மெருகேற்றிய பதிப்பையும் விடவில்லை. இப்போது, விளையாட்டுக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் மெய்நிகர்ப் (VR) பதிப்பு. அதுவும் 2017இலேயே வந்ததுதான். அதற்குக் கண்ணை மூடித் தலையில் மாட்டும் ஹெட்செட் என் கைக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்.

தொடக்கம் உனக்கு மனப்பாடம். கைகள் கட்டப்பட்டு, மரண தண்டனைக்கு வண்டியில் போவோமே, அதேதான். அப்போது திரையில் கட்டைவிரல் உயரம் இருந்த கிளர்ச்சித் தலைவர் உல்ஃபிரிக், வாய் கட்டப்பட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், முழு ஆளாக. அவர் தோளில் இடித்துவிடப் போகிறேன் என்று ஒதுங்கி உட்கார்ந்தேன். சிரிப்பாய். சிரி.

பிறகு குனிந்து பார்த்தால் எனக்கு உடம்பே இல்லை. இரண்டு கைகள் மட்டும் அந்தரத்தில் மிதக்கின்றன. வாளுக்கு எடை கிடையாது. ஈ ஓட்டுவதுபோல் வீசினாலும் கொள்ளைக்காரன் விழுகிறான், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வில்! இடக்கையை நீட்டி, வலக்கையால் நாணை இழுத்து, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து விட வேண்டும். பொத்தானை அழுத்திப் பழகிய பழைய சாமர்த்தியம் இங்கே செல்லாது. முதல் பத்து அம்பும் வீண். அடுத்தது தைத்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து மனைவி ஓடி வந்துவிட்டாள்.

பிளீக் ஃபால்ஸ் பாரோ குகையில் மேலிருந்து இறங்கும் ராட்சதச் சிலந்தி நினைவிருக்கிறதா? எத்தனை முறை கொன்றிருப்போம்! "பார், இப்போது மேலிருந்து வரும்" என்று மகனிடம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. இரண்டடி பின்வாங்கி அலமாரியில் முதுகை இடித்துக்கொண்டேன். புத்திக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை.

தலைசுற்றலையும் சொல்லிவிடுகிறேன். கண் நடக்கிறோம் என்கிறது; காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்கிறோம் என்கிறது; நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. முதல் நாள் 20 நிமிடத்தில் கழற்றிவைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். நடப்பதற்குப் பதில், கையால் இடத்தைக் காட்டி அங்கே தாவும் முறை ஒன்று உண்டு. திரும்புவதையும் வெட்டி வெட்டித் திரும்பும்படி மாற்றிக்கொள்ளலாம். அழகு குறைவு, வயிற்றுக்கு நல்லது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

நேற்று விளையாட்டில் வரும் அந்த மலையின் 7,000 படிகளில் ஏறினேன் (பெயருக்குத்தான் ஏழாயிரம், உனக்கே தெரியும்). நாம் குதிரையை விரட்டிக்கொண்டு ஏறிய மலை அது, எதையும் பார்த்ததில்லை. இந்த முறை பாதி வழியில் நின்றுவிட்டேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் உள்ளங்கையை விரித்து நீட்டியிருக்கிறேன்.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? உன் மூக்குக்கண்ணாடியின் அகலத்தை அளந்து எழுது. சட்டம் பெரிதாக இருந்தால் ஹெட்செட்டுக்குள் நுழையாது. நுழைந்தாலும் லென்ஸில் உரசிக் கீறல் விழும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி