குரோம் பூச்சு முறையில் மாற்றம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

அலங்காரக் குரோம் பூச்சுக்கு இதுவரை நாங்கள் பயன்படுத்தி வந்த ஹெக்ஸாவேலன்ட் (ஆறு இணைதிறன் கொண்ட) குரோமியக் கரைசலைக் கைவிட்டு, ட்ரைவேலன்ட் (மூன்று இணைதிறன் கொண்ட) குரோமியக் கரைசலுக்கு மாறுகிறோம். இதனால் கட்டணம் சற்று உயரும். பூச்சின் நிறமும் சற்று வேறுபடும். ஆகவே காரணங்களை உங்களுக்கு விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும். மின்சாரம் பாயும்போது அந்தத் தொட்டியில் எழும் வாயுக் குமிழிகள் மேற்பரப்பில் உடைந்து, அமிலத் துளிகளை நுண்ணிய மூட்டமாகக் காற்றில் கலக்கின்றன. அதை முதலில் சுவாசிப்பவர்கள் தொட்டியருகே நிற்கும் எங்கள் தொழிலாளர்கள். கழிவுநீரையும் அப்படியே படியவைத்துப் பிரிக்க இயலாது. அமில நிலையில் சோடியம் பைசல்பைட்டு சேர்த்து, குரோமியத்தை ட்ரைவேலன்ட் வடிவுக்கு மாற்றிய பிறகே, காரம் சேர்த்துக் கசடாகப் பிரிக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல் ஹெக்ஸாவேலன்ட் குரோமியச் சேர்மமான குரோமியம் ட்ரைஆக்சைடின் பயன்பாட்டைச் சிறப்பு அனுமதி நடைமுறைக்குள் கொண்டுவந்ததும் இந்த ஆபத்தைக் கருதியே.

புதிய கரைசலின் விலை அதிகம். இரும்போ செம்போ துத்தநாகமோ சிறிதளவு கலந்தாலும் பூச்சில் கறை விழும் என்பதால், அவற்றை அகற்ற அயனிப் பரிமாற்றக் கருவியும் தேவை. சுத்திகரிப்பில் ஒரு படி குறைவதும் கசடு குறைவதும் இச்செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றன. எஞ்சியதையே கட்டண உயர்வாகக் கேட்கிறோம்.

பூசிய பொருள்களை நீரில் அலசும் முறையைத் திருத்தியதில் செலவும் மாசும் ஒருங்கே குறைந்தன. பொருளில் ஒட்டிவரும் ஒரு லிட்டர் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய, ஒரே தொட்டியில் அலசினால் ஏறத்தாழ 1000 லிட்டர் நீர் வேண்டும். நீர் எதிர்த்திசையில் ஓடும்படி இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து அமைத்தால் சுமார் 32 லிட்டரே போதும். மூன்றாவது தொட்டி அதை 10 லிட்டராக்கும் என்றாலும், அதற்கு வேண்டிய இடத்தையும் பணத்தையும் அயனிப் பரிமாற்றக் கருவிக்குச் செலவிடுவதே அதிகப் பயன் தரும் என்று முடிவு செய்தோம். அதற்கும் முன்பாக, பொருள்களைக் குழிவான பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு சட்டத்தில் மாட்டி, பூச்சுத் தொட்டிக்கு மேலேயே சில விநாடிகள் நிறுத்தி வடியவிடுகிறோம். கரைசல் தொட்டிக்கே திரும்பிவிடும் இந்த எளிய வழக்கம், எந்தக் கருவியும் வாங்காமல் கிடைத்த சேமிப்பு.

தேய்மானத்தைத் தாங்க வேண்டிய தண்டுகளுக்கும் உருளைகளுக்கும் இடும் தடித்த கடினக் குரோம் பூச்சு மட்டும் தற்போதைக்குப் பழைய முறையிலேயே, புகை உறிஞ்சும் அமைப்புடன் தொடரும். அங்கு மாற்று முறை எங்களுக்கு இன்னும் போதிய நம்பிக்கை தரவில்லை. பூச்சு உரிந்து, பாகத்தையே புதிதாகச் செய்ய நேர்ந்தால், அதற்கான உலோகமும் மின்சாரமும் இரட்டிப்பாகும்.

புதிய பூச்சில், பழைய குரோமின் நீலச் சாயலைவிடச் சற்றே அடர்ந்த சாயல் தெரியும். முன்பு பூசிய பாகங்களோடு பக்கத்தில் பொருத்த வேண்டியவை உங்களிடம் இருப்பின், ஆர்டருடன் பழைய பாகம் ஒன்றையும் அனுப்பிவையுங்கள். மாதிரி பூசிக் காட்டி, உங்கள் ஒப்புதலைப் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்குவோம்.

இங்ஙனம்,
நிர்வாகத்தினர்