மூலிகைச் சாறும் உறைதல் நேரமும்: ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களே,

வெட்டுக்காயப் பூண்டின் இலைச்சாறு ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கிறது என்று மாணவர்களின் ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. காயத்தில் அதைக் கசக்கிப் பிழியும் வழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. நொடிகளை எண்ணும் விதத்தில்தான் எங்களுக்குச் சிக்கல்.

டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த சாறு பட்டதுமே பிளாஸ்மாவில் (அணுக்களை நீக்கிய ரத்தநீரில்) புரதம் படிந்து வெண்மையாகக் கலங்கும். ஒளியை வைத்து அளக்கும் கருவி அந்தக் கலங்கலையே உறைவு என்று பதிந்துவிடும். ஆகவே முதலில், கால்சியம் சேர்க்காமல் சிட்ரேட் பிளாஸ்மாவில் சாற்றை விட்டுப் பாருங்கள். உறைதலுக்குத் தேவையான கால்சியத்தைச் சிட்ரேட் பிடித்து வைத்திருப்பதால் அது தானாக உறையாது. அங்கேயே கெட்டியானால் அது ரத்தத்தின் சொந்த உறைதல் வினை அல்ல. டானினாக இருக்கலாம், எருக்கம்பால் போன்றவற்றில் உள்ள புரதம் சிதைக்கும் நொதியாகவும் இருக்கலாம். சாற்றைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து மறுபடி சோதித்தால் பெரும்பாலும் பிரித்தறியலாம்: நொதி செத்துவிடும், டானின் தாங்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பிளாஸ்மா உறைய ஆகும் நொடிகளை அளக்கும் ஏபிடிடி (APTT) சோதனையில் 0.025 மோலார் கால்சியம் குளோரைடு சேர்க்கிறோம். கீரை வகைகளில் மிகுந்திருக்கும் ஆக்சலேட் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும், நேரம் நீளும். உடனே ‘உறைதலைத் தடுக்கும் மூலிகை’ என்று எழுதிவிடுகிறார்கள்! கால்சியத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். நேரம் பழைய நிலைக்குத் திரும்பினால் மூலிகைக்கு அந்தப் பெருமை இல்லை. சாற்றின் பிஎச் 7.4-க்குச் சரிசெய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். சாற்றை டிஎம்எஸ்ஓ (DMSO) என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும்.

செல் சோதனையிலும் இதே கதைதான். எம்டிடி (MTT) என்பது உயிருள்ள செல்கள் ஊதாவாக்கும் மஞ்சள் சாயம். டானின் போன்ற பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் அதை ஊதாவாக்கும். செத்த செல்லும் உயிருள்ளதாகக் கணக்கில் ஏறும். சோதனைத் தட்டில் செல் இல்லாத கிணறுகளில் (குழிகளில்) சாற்றையும் எம்டிடி-யையும் மட்டும் விட்டு, அந்த அளவைக் கழிக்க வேண்டும். சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் உள்ள சாறு சிவப்பணுக்களை உடைக்கும். வெளியேறும் ஏடிபி (ADP) என்ற பொருள், உறைதலுக்கு உதவும் தட்டணுக்களைத் தூண்டும் என்பதால், முழு ரத்தத்தில் செய்த சோதனை தனியாக எதையும் நிரூபிக்காது.

ரத்தம் எடுக்கும் விதமும் முக்கியம்: 3.2 சதவீத சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. 1500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, நான்கு மணி நேரத்துக்குள் ஏபிடிடி-யை முடிக்க வேண்டும்.

கையெழுத்திடும் முன் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியைப் புரட்டுங்கள். கால்சியம் இல்லாத குழாய், கரைப்பான் குழாய், செல் இல்லாத கிணறு ஆகிய மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். தேவைப்படும் கூடுதல் பிளாஸ்மா சில மில்லிலிட்டர்தான்.

இப்படிக்கு,
ரத்த உறைதல் ஆய்வகப் பணியாளர்கள்