குழந்தைக்குப் பேதி: முதல் நாளிலேயே ஓஆர்எஸ் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்கால நோய்கள் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தால், தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலே குழந்தைகளுக்குப் பேதி வராது என்று தோன்றுகிறது. காய்ச்சத்தான் வேண்டும். ஆனால் தடுப்பு மருந்து வருவதற்கு முன், பேதியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நம் நாட்டுக் குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேருக்குக் காரணம் ரோட்டா வைரஸ். கை, பொம்மை, தரை என்று எதிலும் ஒட்டிப் பரவும். சுத்தமான தண்ணீர் உள்ள பணக்கார நாடுகளிலும் ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடும். அங்கே பிழைத்துக்கொள்கிறார்கள். 2013-இல் இந்த வைரஸால் உலகில் இறந்த சுமார் 2,15,000 குழந்தைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நம் குழந்தைகள்.

கடலூரில் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தவள் நான். பிள்ளைகள் வந்து சேரும் கோலத்தைப் பார்த்திருக்கிறேன். ‘பல் முளைக்குது’, ‘மாந்தம்’, ‘உரம் விழுந்திருக்கு’ என்று உரம் எடுக்க ஓரிடம், மந்திரிக்க இன்னோரிடம் என்று தூக்கிக்கொண்டு அலைவார்கள். அதற்குள் கண் குழி விழுந்துவிடும், அழுதால் கண்ணீர் வராது, மூத்திரமும் நின்றுபோயிருக்கும். வயிறு காயட்டும் என்று தாய்ப்பாலையே நிறுத்தச் சொல்லும் பெரியவர்களும் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

இந்த வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. போன நீரையும் உப்பையும் உடனே திரும்பக் கொடுப்பதுதான் வைத்தியம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட் முழுவதையும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அப்புறம் ஜிங்க் மாத்திரை: பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை நம்பியவர்கள் ஏராளம். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது.

ரோட்டா சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14-ஆவது வாரங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. ‘சொட்டு போட்டும் பேதி வந்துச்சே’ என்பார்கள். வரலாம், ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போவது பாதியாகக் குறைகிறது. மூன்று தவணையையும் விடாதீர்கள்.

மாவட்ட சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். 14-ஆவது வாரத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கொடுத்து, கரைக்கும் விதத்தை அங்கேயே செய்துகாட்டி அனுப்புங்கள். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் நடுராத்திரியில் பேதி கண்டால் வீட்டில் பாக்கெட் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.