புள்ளடி எங்கே, எத்தனை? கிராமத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல், அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல், 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சி சபைத் தேர்தல் என எட்டு மாதங்களுக்குள் எங்கள் ஊர் மக்கள் மூன்று தடவை வாக்களிப்பு நிலையத்துக்குப் போய் வந்தார்கள். மூன்று தடவையும் வாக்குச்சீட்டு வேறு. அதில் அடையாளமிடும் முறையும் வேறு. இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்து வடமராட்சி கிழக்கில் கடலை அண்டியிருக்கும் எங்களுடையது போன்ற ஒரு சிறிய கிராமத்துக்கு இந்த வேறுபாட்டை யார், எப்போது சொல்லித்தருவது என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த மே மாதத் தேர்தலன்று பிற்பகல், எழுபது வயதைக் கடந்த என் பக்கத்து வளவு அம்மா வாக்களித்துவிட்டு வந்து, "முந்திச் சொல்லித்தந்த மாதிரியே ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு போட்டிட்டன், ரீச்சர்" என்று நிறைவோடு சொன்னார். ஜனாதிபதித் தேர்தலின்போது அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரேயொரு புள்ளடிதான் (X அடையாளம்) இடவேண்டும் என்பதையும், மூன்று கட்சிகளுக்கு நேரே அடையாளமிட்ட சீட்டு எண்ணிக்கையில் சேராது என்பதையும் விளக்கியபோது, "அப்ப உள்ளுக்கு இருந்த ஆக்கள் ஏன் அதைச் சொல்லேல்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போனவள் என்பதால், வாக்காளர் மறைப்புக்குள் என்ன எழுதுகிறார் என்பதை அலுவலர் எட்டிப் பார்க்க முடியாது என்பதை அறிவேன். வாக்கின் இரகசியத்தைக் காக்கும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கத்தான் வேண்டும். ஆகவே, சொல்ல வேண்டியதை அந்த நாளுக்கு முன்பே, வீட்டு வாசலிலும் ஊர்ச் சந்தியிலும் வைத்துச் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதானால் ஒரு புள்ளடி போதும். இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் தெரிவிக்க விரும்புபவர் 1, 2, 3 என்று இலக்கமிட வேண்டும். 2024இல் 39 பெயர்கள் அச்சிடப்பட்டிருந்த அந்த நீண்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலர் திகைத்துப் போனார்கள். முதற் சுற்றில் எவரும் அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாததால், இந்நாட்டு வரலாற்றில் முதற் தடவையாக விருப்பத் தெரிவுகள் எண்ணப்பட்டதும் அந்தத் தேர்தலிலேயே. அதனால் இலக்கமிடும் முறை மக்கள் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. நாடாளுமன்றத் தேர்தலிலோ முதலில் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு நேரே ஒரு புள்ளடி இட்டு, அதன் பின்னர் அதே அணியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்குப் புள்ளடிகளை இட வேண்டும். கட்சிக்கு வாக்கிடாமல் தனக்குத் தெரிந்தவரின் இலக்கத்துக்கு மட்டும் புள்ளடியிட்டால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும். ஆறு உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் எமது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஒவ்வோர் அணியும் ஒன்பது வேட்பாளர்களை நிறுத்தியிருந்தது. "இலக்கத்தைப் பாருங்கோ" என்று வேட்பாளர்கள் வீடு வீடாகச் சொல்லிப் போனார்களே தவிர, முதலில் கட்சிக்கு என்பதை அழுத்திச் சொன்னவர்கள் குறைவு.

உள்ளூராட்சித் தேர்தல்தான் எங்களைப் போன்ற ஊர்களுக்கு மிக அண்மையானது. ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை என்றாலும், மழை வெள்ளம் வடிய வழியில்லை என்றாலும் நாங்கள் முதலில் போவது பிரதேச சபைக்குத்தான். ஆனால் 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள, வட்டார வேட்பாளரையும் கட்சி பெறும் வாக்கு வீதத்தையும் சேர்த்துப் பார்க்கும் கலப்பு முறையில் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரே இருப்பதில்லை. கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும் மட்டுமே உண்டு. "எங்கட ஊர்ப் பெடியன் நிக்கிறான், அவனுக்குத்தான்" என்று தீர்மானித்துக்கொண்டு போன ஒருவர், சீட்டில் அவன் பெயரைத் தேடிக் காணாமல் என்ன செய்வார்? அந்த ஒரேயொரு புள்ளடியே வட்டார வேட்பாளருக்கும் கட்சியின் மொத்தக் கணக்குக்கும் சேர்கிறது என்பதைப் படித்த இளைஞர்கள்கூட அறியாதிருந்ததைக் கண்டேன்.

சிறியதாகத் தோன்றும் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். செப்டெம்பரில் சின்ன விரலில் பூசிய மை அழியாமல் இருந்தால் நவம்பரில் வாக்களிக்க விடமாட்டார்கள் என்று சிலர் அஞ்சினார்கள். அதற்காகவே நவம்பரில் இடது கை ஆள்காட்டி விரலில் மை பூசப்பட்டது. அந்தச் செய்தி உரிய நேரத்தில் வந்து சேராத வீடுகளும் எங்கள் ஊரில் இருந்தன.

வாக்காளர் அட்டை கிடைக்கவில்லை என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும் உள்ளனர். வாக்காளர் பட்டியலான இடாப்பில் பெயர் இருந்தால் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம். தபாற்காரர் வந்த நேரம் வீடு பூட்டியிருந்தால் உரிய தபாலகத்துக்குச் சென்று அட்டையைப் பெறலாம். கட்டாயமாகக் கையில் இருக்க வேண்டியது ஆளடையாளத்தை நிரூபிக்கும் ஆவணமே. தேசிய அடையாள அட்டை மட்டுமல்ல, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை ஆகியனவும் ஏற்றுக்கொள்ளப்படும். இவற்றுள் எதுவும் இல்லாதவர் கிராம அலுவலர் ஊடாகத் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கான இறுதித் திகதி தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னரே முடிந்துவிடுகிறது. கடலில் அடையாள அட்டையைத் தொலைத்த தொழிலாளி ஒருவர் அந்தத் திகதி கடந்த பிறகே என்னிடம் வந்து விசாரித்தார். திருமணமாகி வேற்றூரிலிருந்து வந்த பெண்களின் பெயர் இரண்டு ஊர் இடாப்பிலும் இல்லாமற் போவதும் இத்தகையதே. இடாப்பு மீளாய்வு நடக்கும் காலத்தில் ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அவர்கள் கிராம அலுவலரிடம் போயிருப்பார்கள்.

தேர்தல் ஆணைக்குழு தகவல் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் அது இருக்கிறது. ஆனால் இரவு கடலுக்குப் போய் விடியக் கரை சேர்ந்து, வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுத்து விற்று, நித்திரைக்குப் போகும் ஒருவர் அந்தப் பலகைக்கு முன்னால் எப்போது நிற்பார்? கட்சிகளின் துண்டுப் பிரசுரமோ தத்தமது சின்னத்தை மட்டுமே காட்டுகிறது.

எங்கள் ஊரில் எல்லோரும் வந்துபோகும் இடங்கள் சில உண்டு: சனசமூக நிலையம், சங்கக் கடை, மீன் நிறுக்கும் இடம், கோயில், தேவாலயம். கற்பனைச் சின்னங்கள் கொண்ட பெரிய மாதிரிச் சீட்டு ஒன்றை, எங்கே எத்தனை புள்ளடி என்று காட்டி, இந்த இடங்களில் தேர்தலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே தொங்கவிட வேண்டும். படகுகள் கரை சேரும் நேரத்தில் கட்சி சாராத அலுவலர் ஒருவர் அரை மணி நேரம் நின்று விளக்கினால் ஊரில் பாதிப்பேருக்குச் செய்தி போய்விடும். பூசை முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் இறுதித் திகதிகளை வாசிக்கலாம்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்திய வாரத்தில், வயதானவர்களும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், வெட்டிச் சுவரில் ஒட்டத்தக்கதாக ஒரு முழுப் பக்கத்தை இதற்கென ஒதுக்கித் தாருங்கள். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21ஆம் திகதிக்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. அது அறிவிக்கப்படும்போது எந்த முறையில் வாக்களிப்பது என்ற கேள்வி மீண்டும் எழும். பக்கத்து வளவு அம்மாவும் என்னிடம் வருவார். எங்கள் சனசமூக நிலையத்தினருடன் பேசியிருக்கிறேன். வாசிகசாலையின் வாசற்பக்கச் சுவரை அந்தப் பக்கத்துக்கென ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி கிழக்கு.