கான் வெட்டித் தந்த சபை ஊழியருக்கு நன்றி

திருகோணமலையில் வாடைமழை இறங்க முன்னமே எங்கள் ஒழுங்கைக் கானை, அதாவது தூர்ந்த வடிகாலை, வெட்டித் தந்த, பெயர் தெரியாத உள்ளூராட்சிச் சபை ஊழியருக்கு நன்றி. வேலை தெரிந்த கை. கடல்வாய்ப் பக்கம் தொடங்கி மேல்நோக்கி வந்தார். வாய் அடைபட்டுக் கிடக்க மேலே வெட்டினால், கிளறின மண் முழுக்கக் கீழேதானே வந்து குந்தும்!

மூடிகளை அலவாங்கால் நெம்பி, கட்டை வைத்த பிறகே கையை உள்ளே விட்டார். அடியில் பெரும்பாலும் கடல்மணல். மிச்சம் யோகட் கோப்பை, பொலித்தீன், இளநீர்க் கோம்பை. அள்ளிய சேற்றைக் கான் விளிம்பில் விடவில்லை. விட்டால் முதல் மழையே திரும்ப உள்ளே தள்ளும். எட்டக் குவித்து, தண்ணீர் வடிந்தபின் மறுநாள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். கடைசியாக 2 வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மதகடியில் தேங்கியது, அங்கே இறுகிக் கிடந்த மண்ணை இன்னும் அரைச் சாண் கிளறி எடுத்தார்.

கோம்பைகளைப் பிளந்து கவிழ்த்தது தனி நன்றிக்குரியது. டெங்கு நுளம்பு இப்படித் தேங்கி நிற்கும் மழைத்தண்ணியில் முட்டையிடும். 7 முதல் 10 நாளில் அந்த முட்டை நுளம்பாகிப் பறந்துவிடும்.

ஐயா, நீங்கள் சொன்னபடி குளியலறைக் குழாயைக் கானிலிருந்து திருப்பியாயிற்று.