எட்டுப் பக்கமும் ஒரு பென்சில் கோடும்

அன்புள்ள மகள்,

நான் சுகம், நீயும் சுகமா இரிக்க மாமாங்கேஸ்வரர வேண்டுறன். வட்ஸ்அப்பில துண்டு துண்டா எழுதினா நீ ஒரு சிரிக்கிற மூஞ்சியப் போட்டுட்டு வேலைக்குப் போயிருவ, அதால ஒரே கடிதமா நீ தந்த டெப்பில குத்திக் குத்தி எழுதுறன், மூணு நாளா எழுதுறன், பிழை கிடந்தா டீச்சர் எண்டு பாக்காம விட்டுரு.

விசயம் அந்தப் புத்தகம்தான். நீ லீவில வந்துட்டுப் போன பிறகு மெத்தைய வெயில்ல போட எடுத்தன், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில விழுந்து கிடந்திச்சு. மட்டையில சட்டைக்குப் பொத்தான் போடாத ஒரு வெள்ளக்காரன், அவன்ட கைக்குள்ள முதுகு முழுக்கத் தெரிய ஒரு பெட்டை, பின்னால ஒரு குதிரை. அந்தக் குதிரை ஒண்டுதான் ஒழுங்கா நிக்கிது. அனுப்பவா எண்டு கேட்டதுக்கு நீ "ஐயோ அம்மா அத வாசிச்சிராதீங்க, தூக்கிப் போடுங்க" எண்டு உடன எழுதின. முப்பத்திரண்டு வருசம் இங்கிலீஸ் படிப்பிச்சவளுக்கிட்ட வாசிக்காத எண்டு சொல்லலாமா புள்ள? அண்டு ராவே தொடங்கிட்டன்.

நான் தனிய வாசிச்சிருந்தா சரி, ஆனா பின்னேரத்தில மாமரத்துக்குக் கீழ கூடுற கூட்டம் உனக்குத் தெரியும்தானே. பெரியம்மா பாக்கு இடிச்சிக்கிட்டு இருந்தா, மாமி இறால் உரிச்சிக்கிட்டு இருந்தா, காத்தான்குடியில இருந்து புடவை கொண்டு வாற ராத்தா மூட்டைய அவிழ்த்துப் போட்டுட்டு பிளேன்டீ குடிச்சிக்கிட்டு இருந்தா, முன்வீட்டு நர்ஸ் பிள்ளை நைட் டியூட்டி முடிஞ்சு நித்திரை கொண்டெழும்பி அப்பதான் வந்திச்சு. "என்ன கா டீச்சர், கொடுப்புக்குள்ள சிரிச்சிச் சிரிச்சி வாசிக்கிறீங்க, எங்களுக்கும் சொல்லுங்களன்" எண்டு ராத்தா கேட்டா. நானும் வாய சும்மா வச்சிருக்கேலாம முதல் பக்கத்தில இருந்து தமிழில சொல்லத் தொடங்கிட்டன், அண்டையில இருந்து பதினாறு நாள், ஒரு நாள் கரண்ட் போய் டோர்ச் வெளிச்சத்தில கூட.

முதல் கஸ்டம், டியூக் எண்டா என்னெண்டு சொல்ற? பிரபு எண்டா மாமி சினிமாக்காரன் எண்டு நினைப்பா. "பெரிய போடியார்" எண்டன், உடன எல்லாருக்கும் விளங்கிட்டு, வயல், மாடு, கூலியாள், திமிர், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ள வந்திட்டு. கதை நடக்கிறது 1816ல, அதாவது நம்மட கண்டி ராசாவ வெள்ளக்காரன் பிடிச்சு அடுத்த வருசம். பத்தொன்பது வயசுப் பெட்டை, தாய் தகப்பன் இல்ல, சிற்றப்பன் ஒருத்தன் கடனுக்கு ஒரு கிழவன்ட தலையில கட்டப் பாக்கிறான், அவள் அந்த இளம் போடியார்ட வண்டியில ஏறி ஸ்கொட்லாந்துக்கு ஓடுறாள். ஏன் ஸ்கொட்லாந்து எண்டு மாமி கேட்டா. இங்கிலாந்தில 1753ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, இருவத்தொரு வயசுக்குக் கீழ இருந்தா தகப்பனோ பொறுப்பானவனோ சம்மதிக்கோணும், ஸ்கொட்லாந்தில அந்தச் சட்டம் செல்லாது, எல்லை தாண்டின உடன கிரெட்னா கிரீன் எண்டு ஒரு ஊரு, ரெண்டு சாட்சிக்கு முன்னால சொன்னாக் காணும் கலியாணம் முடிஞ்சு, கொல்லன் பட்டறையில வச்சே கட்டி வைப்பாங்க. இந்த இடம் எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிது. இரும்படிக்கிறவன் கட்டி வைக்கிற கலியாணம் இறுக்கமாத்தான் இரிக்கும் எண்டா பெரியம்மா.

பெரியம்மாக்கு எழுவத்தெட்டு வயசு, அவ என்ன சொல்லப் போறாவோ எண்டுதான் நான் பயந்தன். ஆனா அவ மல்லுக்கு நிண்டது வேற ஒண்டுக்கு. பெட்டைக்குத் தாய் வழியில வந்த ஒரு வீடு இரிக்கு, கலியாணம் முடிஞ்சதும் அதுவும் போடியாருக்குப் போகுது எண்டு வாசிச்சன். "ஏன் அவனுக்கு?" "அங்கத்தச் சட்டம் அப்படி, பொஞ்சாதிட காசு சாமான் எல்லாம் புருசனுக்கு, வளவையும் அவன்தான் ஆளுவான், 1882லதான் அத ஒழுங்கா மாத்தினாங்க". உரல்ல உலக்கைய நிப்பாட்டிட்டா. "அப்ப அவன் துரத்தினா அவள் எங்க போற?" எங்கட பக்கம் பொம்புளைப் புள்ளைக்குத்தானே வீடு, மாப்பிள்ளைதானே பெட்டியத் தூக்கிட்டு வந்து இரிக்கிற, அவக்கு அது தலையில ஏறவே இல்ல. முழுப் புத்தகத்திலயும் அசிங்கம் எண்டு அவ சொன்னது இத ஒண்டத்தான்.

மறுகா அந்த எட்டுப் பக்கம் வந்திச்சு. உனக்குத் தெரியும் எந்த எட்டெண்டு. நான் குரல மாத்தாம, "அப்படியே ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு இருந்தாங்க, விடிஞ்சு போச்சு" எண்டு சொல்லி பக்கத்தப் பிரட்டினன், பழைய படத்தில ரெண்டு பூவ முட்ட விடுற மாதிரி. ராத்தா துணிய முழத்தில அளந்து பழகின கண்காரி, "டீச்சர், ஒரு பிடி தாள் ஒண்டாப் பாஞ்சிட்டீங்க" எண்டா.

அதோட தொடங்கின சண்டைதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். எங்கட கண்ணகி அம்மன் கோயில்ல கொம்பு முறிக்கிற நேரம் ஊர் வடசேரி தென்சேரி எண்டு பிரியும்தானே, புருசன் ஒரு பக்கம் பொஞ்சாதி ஒரு பக்கம் நிண்டு கத்துற மாதிரி, அப்படிப் பிரிஞ்சிட்டாங்க, அதுவும் வாசிக்காத எட்டுப் பக்கத்துக்காக! மாமி சொன்னா இப்படிப் புத்தகத்த வீட்டுக்குள்ள வச்சிருந்தாலே தரித்திரம் எண்டு, ஆனா மற்ற நாள் நாலு மணிக்கு முதல் ஆளா வந்து குந்திட்டா. பெரியம்மா, கட்டினவங்கதானே, என்ன செஞ்சா உனக்கென்ன எண்டா. வேலிக்கு அங்கால இருந்து பெரியப்பாட குரல் வந்திச்சு, அவர் கேக்காத மாதிரித்தான் அவ்வளவு நாளும் பேப்பர் வாசிச்சவர், "இதெல்லாம் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒத்து வராது" எண்டு. எனக்கு அந்த இடத்தில கொஞ்சம் ஏறிட்டு. நீங்களும் தமிழ் வாத்தியார்தானே அத்தான், குறள்ல காமத்துப்பாலில 250 குறள் இரிக்கே, அத எத்தின வருசம் படிப்பிச்சீங்க எண்டு கேட்டன். பேப்பர மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டிச்சு.

ராத்தாட பிரச்சினை தனி. மெல்லிசு மஸ்லின் சட்டை எண்டு எழுதியிருந்திச்சு, அந்தக் காலத்தில திறமான மஸ்லின் வங்காளத்தில டாக்காப் பக்கம் நெய்து கப்பல்ல வந்தது எண்டு நான் வாய்விட்டுட்டன். அடுத்த அத்தியாயத்தில போடியார் அந்தச் சட்டையக் கிழிக்கிறான். ராத்தாக்குக் கண்ணில தண்ணி வராத குறை. "பொத்தான் இல்லையா, முடிச்சு இல்லையா, கையால நெய்த துணி கா, இவன் எல்லாம் ஒரு மனுசனா". கடைசி வரைக்கும் அவ அந்தப் போடியார மன்னிக்கவே இல்ல.

நர்ஸ் பிள்ளை ஒண்டும் சொல்லல்ல. புத்தகத்தக் கேட்டு வாங்கிட்டுப் போய் வார்ட்டில ரெண்டு ராவில முடிச்சிட்டு வந்து, எட்டுப் பக்கத்தில பிழை ஒண்டும் இல்ல ஆன்ட்டி, அதுக்கு முதல் வண்டிக்குள்ள நடக்கிறதுதான் பிழை எண்டிச்சு. அவள் வேணாம் எண்டு முகத்தத் திருப்புறாள், அவன் மணிக்கட்டப் பிடிச்சு இழுத்து முத்தம் குடுக்கிறான், எழுதினவ அதையும் காதல் எண்டு எழுதுறா. "இப்படிப் பிடிச்ச மணிக்கட்ட நான் வார்ட்டில பாக்கிறன், கேட்டா படியில விழுந்துட்டன் எண்டுவாங்க". மாமி, அது சும்மா கதைதானே எண்டு சொல்லிப் பாத்தா. நர்ஸ் பிள்ளை போன்ல தேடி வச்சிருந்திச்சு, 1970கள்ல அமெரிக்காவில இந்த மாதிரிச் சூடான சரித்திரக் கதையள் பெருகின நேரம் கதாநாயகனே பலாத்காரம் பண்றதும் மறுகா அவள் அவனையே விரும்புறதும் சாதாரணமாம், பிறகு வாசிக்கிற பொம்புளையளே அதுக்கு எதிராக் கதைச்சு இப்ப எழுதுறவங்க கனபேர் மாத்திட்டாங்களாம். அப்ப எனக்குக் குமுதத்தில வந்த சரித்திரத் தொடர் ஞாபகம் வந்திச்சு. சிறிமா பிரதமரா இருந்த காலத்தில இந்தியப் புத்தகம் வாறதக் கட்டுப்படுத்தின நேரம், பழைய தொடரக் கிழிச்சுக் கட்டி நூலால தைச்சு கைமாறிக் கைமாறி வரும், தலையணை உறைக்குள்ள வச்சு வாசிச்சம். இளவரசிட இடுப்ப வருணிக்க மூணு பக்கம், இளவரசிக்கு என்ன விருப்பம் எண்டு ஒரு வரி இல்ல. அது அப்ப எங்களுக்கு விளங்கவும் இல்ல.

என்ட அபிப்பிராயத்தக் கேட்டியெண்டா, எழுத்து அவ்வளவு திறம் இல்ல மகள். அவன்ட கண் பக்கத்துக்குப் பக்கம் இரும்பு மாதிரி, அவளுக்கு மூச்சு அடிக்கடி நிக்கிது, நடுவில அறுவது பக்கம் ஆரோ ஒருத்தன் களவெடுத்த கடிதத்தத் தேடி அலையிறாங்க, அத நான் கூட்டத்துக்கு நாலு வசனத்தில முடிச்சன். ஆனா அந்த எட்டுப் பக்கம் நல்லா எழுதியிரிக்கா. அதில பாதி ரெண்டு பேரும் கதைக்கிறதுதான், முடிச்சு அவிழேல்லாம ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க, அவள் பொறு எண்டா அவன் பொறுக்கிறான்.

மாமி உட்பட எல்லாரும் அரிச்ச அரிப்பில ஒரு நாள் அதில ஒரு பக்கத்தச் சொல்ல ஒத்துக்கிட்டன். வாயத் திறந்தா சொல் இல்ல. தமிழில சொல் இல்லாமலா, இரிக்கு, ஆனா ஒண்டு சங்கப் பாட்டில இரிக்கு, இல்லாட்டி டொக்டர்ட வாயில இரிக்கு, இல்லாட்டி பஸ் ஸ்டாண்ட் மதில்ல கரியால எழுதியிரிக்கு. மாமரத்துக்குக் கீழ இருந்து ஒரு பொம்புளை இன்னொரு பொம்புளைக்குச் சொல்ற மாதிரி ஒரு சொல் என்ட வாயில வரல்ல. மறுகா பெரியம்மாதான் உதவினா, அந்தக் காலத்தில வேளாண்மை வெட்டுற நேரம் பொடியனும் பெட்டையும் ஆளுக்காள் கவி சொல்லுவாங்களாம், அதில எல்லாம் வரும், நிலா வரும் குருவி வரும் வெத்திலை வரும், பேர் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கும் எண்டா. நானும் அப்படியே நிலா குருவி எண்டு சமாளிச்சு ஒரு பக்கத்தச் சொல்லி முடிச்சன். ஒருத்தரும் பேசல்ல. மாமிட கையில இருந்த இறால் பாதி உரிச்சபடி அப்படியே நிண்டிச்சு. பிறகு மாமி சொல்றா, "இவ்வளவுதானா?"

சிரிச்சியா? சிரி. இப்ப மற்றதையும் எழுதுறன், இதுக்குத்தான் மூணு நாள் எடுத்தது.

211ம் பக்கத்தில ஒரு பென்சில் கோடு கிடந்திச்சு. நான் முதல்ல எட்டுப் பக்கத்திலதான் ஏதும் கிறுக்கி வச்சிரிப்பாய் எண்டு பாத்தன், அங்க ஒண்டும் இல்ல. இது கலியாணம் முடிஞ்சு கன நாளைக்குப் பிறகு, மழை, அவன் பிந்தி வாறான், அவள் விளக்க எரிய விட்டுட்டு முழிச்சிக்கிட்டு இருக்காள். அவன் அறைக் கதவடியில ஈரத்தோட நிண்டு, உள்ள வரட்டா எண்டு கேக்கிறான். அவன்ட வீடு, அவன்ட அறை, அந்தக் காலச் சட்டப்படி அவளும் அவன்ட சொத்து மாதிரித்தான், எண்டாலும் கேட்டுட்டு அவள் சொல்லும் வரைக்கும் நிக்கிறான். அந்த வரிக்குக் கீழ கோடு. ஒருக்கா இழுத்ததில்ல, அழுத்தி ரெண்டு தரம் இழுத்திரிக்க, தாளில மற்றப் பக்கம் வரைக்கும் தடம் தெரியிது.

நீ அந்த வீட்ட விட்டுட்டு வந்திட்டன் எண்டு போன்ல சொன்ன நேரம் நான் கேட்ட முதல் கேள்வி என்ன, அடிச்சவனா எண்டு. நீ இல்ல எண்ட. குடியா எண்டன், இல்ல. அப்ப என்னதான் குறை எண்டு கேட்டன். நீ கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, ஒண்டும் இல்லம்மா, பிறகு எடுக்கன் எண்டு வச்ச. பிறகு நானும் கேக்கல்ல, நீயும் சொல்லல்ல, நாலு வருசம்.

உன்ட அப்பா இருக்கும் வரைக்கும் கடப்படியில சைக்கிள் மணிய ரெண்டு தரம் அடிச்சிட்டுத்தான் உள்ள வருவார், உனக்கு ஞாபகம் இரிக்கும். வீடு என்ட சீதனம், மணி அடிக்காம வந்தா அடுத்தவன் வளவுக்குள்ள களவா வந்த மாதிரி இரிக்கும் எண்டு பகிடியாச் சொல்லுவார். ராவிலயும் அப்படித்தான் அந்த மனுசன், தாயா இருந்து இதுக்கு மேல எழுதேலா, உனக்கு விளங்கும். அதால கேக்காத ஆம்புளையோட ஒரு வீட்டுக்குள்ள இரிக்கிறதெண்டா என்னெண்டு எனக்குத் தெரியாது, அடியும் குடியும் இல்லாட்டி நல்ல மாப்பிள்ளை எண்டு நினைச்சிட்டன். நான் அண்டைக்கு அப்படிக் கேட்டிரிக்கப்படாது மகள்.

அந்தப் பக்கத்த நான் ஆருக்கும் வாசிக்கல்ல, அதையும் பாஞ்சிட்டன், ஒரே ஒரு தாள் எண்டபடியா ராத்தாவும் கண்டுபிடிக்கல்ல. கோட்ட அழிக்கவும் இல்ல. புத்தகம் அலுமாரியில உன்ட பழைய யூனிபோமுக்குக் கீழ இரிக்கு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு நேரம் இருந்தா போன் எடு, வீடியோ வேணாம், சும்மா எடு, நான் ஒண்டும் கேக்க மாட்டன், நீ சொன்னா கேப்பன்.

அடுத்த மாசம் அங்க வாற ஆள் ஒருத்தர்ட ராத்தா தந்த புடவையும் இறால் கருவாடும் குடுத்து விடுறன். கடைசிப் பக்கத்தில ரெண்டாம் பாகம் வருதெண்டு போட்டிரிக்கு, போடியார்ட தம்பிட கதையாம், வந்திருந்தா அவர்ட திருப்பிக் குடுத்து விடு. மாமிதான் கேக்கச் சொன்னவ. தான் கேட்டதெண்டு சொல்ல வேணாமாம்.

அன்புடன்,
அம்மா
கல்லடி