பிள்ளை சொல்ல வந்தால் போனைப் பிடுங்காதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை வருகிறது. நீங்கள் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் கிளம்பிவிட்டால் பகல் முழுக்க வீட்டில் பிள்ளைகளும் போனும்தான். கூட இருக்கும் அமுச்சிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ பார்க்கத் தெரியும். அதே போனில் பேத்தி இன்ஸ்டாகிராம் வைத்திருப்பது தெரியாது. 13 வயது ஆகாத பிள்ளைகளுக்கு அதில் கணக்கே கூடாது.

போன் வழியாக வரும் மிரட்டல் பெரும்பாலும் அன்பாகத்தான் ஆரம்பிக்கும். ஆன்லைன் விளையாட்டில் ஒரு 'அக்கா' அறிமுகமாவாள், விளையாட்டில் செலவழிக்கும் 'டைமண்ட்' வாங்கித் தருவாள், ஒரு போட்டோ கேட்பாள். அப்புறம் பேச்சு மாறும். "பணம் அனுப்பு, இல்லைன்னா உங்க கிளாஸ் குரூப்ல போட்டுருவேன். வீட்ல சொன்னா அவ்வளவுதான்." பிள்ளை போட்டோ கொடுத்திருக்கவே வேண்டியதில்லை, நோம்பிக்கு எடுத்து டிபியாக வைத்த படத்தில் முகத்தை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள்.

மிரட்டுகிறவன் தன் கையில் இருக்கும் படத்தைவிட, பிள்ளை வீட்டில் வாய் திறக்காது என்ற நம்பிக்கையில்தான் மிரட்டுகிறான். அப்பா போனை உடைத்துவிடுவார், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வேறு. அதனால் பிள்ளை சொல்ல வரும்போது உங்கள் வாயில் வரும் முதல் வார்த்தை, "சரி கண்ணு, சொன்னது நல்லதாப் போச்சு" என்று இருக்கட்டும். கோபம் வரும்தான், அதைப் பிள்ளை மேல் காட்டாதீர்கள். போனை உடைத்தால் சாட்சியும் போயிற்று.

பணம் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். வந்த மெசேஜ், நம்பர், கணக்கின் பெயர், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் ஆபாசப் படமாக இருந்தால் மட்டும் அதைப் பிரதி எடுக்கவோ, மாமனுக்கு, சித்தப்பனுக்கு என்று அனுப்பவோ வேண்டாம். நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் சட்டச் சிக்கலாகிவிடும். 18 வயதுக்குட்பட்டவர்களின் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. அதில் படம் உங்கள் போனைவிட்டு வெளியே போவதில்லை. படத்துக்கான ஒரு குறியீடு மட்டுமே போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை படத்தைத் தடுக்கின்றன.

புகாருக்கு சைபர் கிரைம் உதவி எண் 1930. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள்; சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே நேரடியாகப் பேசலாம்.

ஸ்டேஷனுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று வெசனப்படுகிறீர்கள், புரிகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடக்கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது.

இன்னொன்று. தொல்லை தருபவன் எப்போதும் முகம் தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம். உடன் படிக்கும் பிள்ளையின் முகத்தை ஸ்டிக்கராக்கி, நிறத்தையும் சாதியையும் சொல்லி இரவு பதினொரு மணிக்குக் குரூப்பில் சிரிப்பதும் இதில்தான் சேரும். அப்படிச் செய்தது உங்கள் பிள்ளையாக இருந்தாலும் மறைக்காமல் வாருங்கள், பேசுவோம். டிசி கொடுத்து அனுப்பிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

விடுமுறையிலும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அலுவலகம் திறந்திருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் எட்டரைக்கே வரலாம், வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். என்ன விஷயம் என்று அவரிடம் சொல்லத் தேவையில்லை. எதையும் அழிக்காமல் போனை அப்படியே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்